கொட்டேஷன் கேட்டா கோபம் வருதாம்!

2025 நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை. செம்பூர்ல எங்க பில்டிங் பொதுக்குழு. பதினாறு கேமரா, வீட்டுக்கு வீடு இன்டர்காம், கீழ் ஹாலுக்கு 55 இன்ச் டிவி, ஸ்பீக்கர், வைஃபை, எல்லாம் புதுசா போடணும். செகரட்டரி மூணு கொட்டேஷன் எடுத்து வச்சார். 3,90,000, 4,85,000, 6,20,000.

"கம்மியா கேட்டவருக்கே குடுத்துடலாம். நம்ம ஊர்க்காரர் வேற. 40 வீடு, ஆளுக்கு 9,750 ரூபாய்" அப்படின்னார். எல்லாரும் தலையாட்டியாச்சு. டீயும் வந்தாச்சு.

நான்தான் கெட்டவன். "அந்தப் பேப்பரைக் கொஞ்சம் காட்டுங்க சார்"னு கேட்டுட்டேன்.

இருபது வருஷமா பேங்க்ல லோன் பேப்பர் பார்த்துப் பார்த்து கண்ணு பழகிப்போச்சுங்க. மூணு கம்பெனி, மூணு லெட்டர்ஹெட். ஆனா 'இன்ஸ்டாலேஷன்'ங்கற வார்த்தையில மூணுலயும் ஒரே எழுத்து காணோம்! மூணும் ஒரே கம்ப்யூட்டர்ல பொறந்த குழந்தைங்கன்னு சொல்ல துப்பறியும் சாம்புவா வரணும்?

சரி, அதைக்கூட விடுங்க. உள்ளே என்ன எழுதியிருந்தது தெரியுமா? "கேமரா, இன்டர்காம், டிவி, ஆடியோ, வைஃபை முழு வேலையும் சேர்த்து". ஒரே வரி. பக்கத்துல ஒரு தொகை. அடியில பொடி எழுத்துல 'ஜிஎஸ்டி தனி, டிவிக்கு 28 சதவீதம்'. 32 இன்ச்சுக்கு மேல இருக்கற டிவிக்கும் வரி 18 ஆனது 2025 செப்டம்பர் 22. இவருக்கு மட்டும் செய்தி வரலை போல. எல்லாத்துக்கும் 18-னே வச்சுக்கிட்டாலும் அந்த 3,90,000 வரியோட 4,60,200. அப்போ அந்த 9,750 எங்கே போச்சு?

விவரம் கேட்டு வாங்கினப்போதான் அடுத்த வேடிக்கை. "30 நாள் ரெக்கார்டிங், 4 டிபி ஹார்ட் டிஸ்க்". ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புதுன்னா ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி. பதினாறு கேமராவுக்கு 691 ஜிபி. 4 டிபி ஆறு நாள் கூட தாங்காது! பாதித் தரத்துல பதிவு பண்ணினாலும் பன்னெண்டு நாள் வராது. திருடன் ஒண்ணாந்தேதி வந்து, நாம பதினஞ்சாந்தேதி பார்த்தா, திரையில வெறும் வாட்ச்மேன்தான் இருப்பார் :-)

அடுத்த சனிக்கிழமை லேமிங்டன் ரோடு போனேன். கொட்டேஷன்ல வெறும் 'கேட் 6 கேபிள்'னு இருக்கே, அது எதுன்னு பார்க்க. கடைக்காரர் ரெண்டு பெட்டி எடுத்து வச்சார். ரெண்டுலயும் 305 மீட்டர். ஒண்ணு சுத்த செம்பு. இன்னொண்ணு செம்பு பூசின அலுமினியம். கத்தியால சுரண்டினா உள்ளே வெள்ளையா தெரியுது. கேமராவுக்கு மின்சாரமும் இதே கம்பியிலதான் போகும். அலுமினியத்துல தடை ஜாஸ்தி, தூரம் போகப் போக கேமரா அணைஞ்சு அணைஞ்சு எரியும். 'கேட் 6'னு மட்டும் எழுதினா எதை வேணா இழுக்கலாம், கேள்வி கேக்க முடியாது. ஒரு வரி கொட்டேஷனோட சூட்சுமமே இதுதான்.

எங்க வேலையில பாருங்க. 2024 அக்டோபர் 1-லேர்ந்து தனிநபருக்கோ சின்ன தொழிலுக்கோ புதுக் கடன் குடுத்தா, முக்கிய விவர அறிக்கைன்னு ஒரு தாள் குடுத்தே ஆகணும். வட்டி, பிராசஸிங் ஃபீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம்னு அதுல இருக்கணும். அதுல சொல்லாத கட்டணத்தை வாடிக்கையாளர் சம்மதம் இல்லாம பின்னாடி வாங்க முடியாது. ரிசர்வ் வங்கி உத்தரவு. எங்களைத் திட்டித் திட்டி வாங்கின உரிமை இது. அதே ஜனங்க, ஒரு வரி பேப்பருக்கு நாலு லட்சம் குடுக்கத் தயாரா இருக்காங்க. ஏன்னா 'நம்ம ஆளு'.

இந்த 'நம்ம ஆளு' வியாதி ஊரை விட்டு வந்த நமக்குத்தான் ஜாஸ்தி. மாட்டுங்கால சாமான் வாங்கினாலும் சரி, முலுண்டுல வீடு பார்த்தாலும் சரி, தமிழ் பேசினா போதும், கணக்கு கேக்க மாட்டோம். கேட்டா அவமானப்படுத்தினதா அர்த்தமாம். என்னைக் கேட்டா, கணக்கு காட்டறவன்தான் நம்ம ஆளு.

தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லைங்க. நாமளும் யோக்கியம் இல்லை. ஒருத்தர் வந்து, மாடி ஏறி, அளவெடுத்து, படம் போட்டுக் குடுப்பார். அந்தப் படத்தை வாங்கி இன்னொருத்தர்கிட்ட காட்டி "இதைவிட கம்மியா பண்ணுவியா"ம்போம். அப்புறம் எவன் விவரமா எழுதிக் குடுப்பான்?

கம்மி ரேட்டோட காசு எங்கேர்ந்து வருதுன்னும் தெரிஞ்சுக்கங்க. பக்கத்து பில்டிங்ல வயரிங் பண்ணிட்டிருந்த தாராவிப் பையன், பூர்வீகம் திருநெல்வேலி பக்கம், சொன்னான்: "சார், எங்களுக்கு பாயின்ட்டுக்கு இவ்வளவுன்னுதான் பேச்சு. நீங்க மேல குறைச்சா அவங்க எங்ககிட்டதான் குறைப்பாங்க." நாம ஜெயிச்சதா நினைக்கிற டிஸ்கவுன்ட் அவன் சாப்பாட்டுல கை வைக்குது.

அதனால, முதல்ல பட்டியலை நாம எழுதணும்:

1. என்ன பொருள், என்ன மாடல், எத்தனை. ஒவ்வொண்ணுக்கும் தனி விலை. கேபிள்னா மீட்டர் கணக்கு, சுத்த செம்புன்னு எழுத்துல.
2. கேமராவுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று. 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயம்.
3. கூலி தனி வரி. ஜிஎஸ்டி தனி வரி. ரெண்டும் சேர்த்த மொத்தம் கடைசி வரி.
4. வாரன்டி யாரோடது, கம்பெனியா இவரா? அப்புறம் வருஷப் பராமரிப்பு எவ்வளவு?
5. வேலை முடிஞ்சதும் எல்லா பாஸ்வேர்டும் சொசைட்டி கையில.
6. எல்லாருக்கும் ஒரே பட்டியல். மூடின கவர். பொதுக்குழு முன்னாடி திறக்கணும்.

அப்படியே பண்ணினோம். ரெண்டு மாசம் தாமதம். செம்பு கேபிள், போதுமான டிஸ்க், வரி எல்லாம் சேர்த்து 4,40,000-க்கு முடிஞ்சது. ஆளுக்கு 11,000.

ரெண்டாவது மாடி மாமி, குடும்ப பென்ஷன்ல காலம் தள்றவங்க, படியில நிறுத்திட்டாங்க. "ஏம்ப்பா, 9,750-ன்னு சொன்னதை நீ புகுந்து 11,000 ஆக்கிட்டியாமே?" யார் சொல்லியிருப்பாங்கன்னு புரிஞ்சுது. அங்கேயே உக்காந்து பழைய பேப்பரையும் புதுப் பட்டியலையும் காட்டினேன். வரியோட பழசு 11,505, அதுவும் ஆறு நாள் டிஸ்க்கோட. மாமி கண்ணாடி போட்டு வரி வரியா படிச்சாங்க. "இதை அன்னிக்கே எல்லார் கையிலயும் குடுத்திருக்கலாமே"ன்னாங்க.

நியாயமான கேள்வி. அடுத்த கூட்டத்துலேர்ந்து குடுக்கறோம்.

டிஸ்கி: செகரட்டரி இன்னும் என்கூட லிஃப்ட்ல ஏறறதில்லை. கேமரா மட்டும் நல்லா ஓடுது.