கோடிக் கணக்கு தெரிகிறது, கரிக் கணக்கு எங்கே?

ஆசிரியருக்கு,

அயல்நாட்டு நிறுவனம் ஒன்று தமிழ்நாட்டில் கால் பதிக்கிறது என்றால் பத்திரிகைகளில், உங்கள் இதழிலும்தான், இரண்டு எண்கள் தவறாமல் வந்துவிடும். எத்தனை கோடி, எத்தனை பேருக்கு வேலை. 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தானதாக அறிவித்தார்கள். அந்த ஆலைகள் ஓடுவதற்கு எத்தனை யூனிட் மின்சாரம் வேண்டும், அதில் எவ்வளவு நிலக்கரியிலிருந்து வரும், அதனால் ஆண்டுக்கு எத்தனை டன் கரியமில வாயு காற்றில் கலக்கும் என்ற கணக்கை நான் எந்த அறிவிப்பிலும் பார்க்கவில்லை. நிருபர்கள் கேட்டதாகவும் தெரியவில்லை. அதைக் கண்டித்தே இந்தக் கடிதம்.

எங்களைப் போன்ற வடசென்னைக்காரர்களுக்கு இது ஏட்டளவுக் கேள்வி இல்லை. மாநாடு முடிந்து இரண்டே மாதத்தில், மார்ச் 7 அன்று, வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் நிலை திறக்கப்பட்டது. 800 மெகாவாட். ஏற்கெனவே முதல் இரண்டு நிலைகளில் 1,830 மெகாவாட், பக்கத்து வல்லூரில் 1,500 மெகாவாட். புதிய நிலையம் அந்த 631 ஒப்பந்தங்களுக்காகக் கட்டியது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் வேலை பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. ஆனால் அந்த ஆண்டு மே மாதம் மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியபோது அதில் தொழிற்சாலைகளின் பங்கு இல்லையா?

நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். நவீனக் கொதிகலன் என்றால் கொஞ்சம் குறையும். அப்படிக் குறைத்துக் கணக்குப் போட்டாலும், இந்த 800 மெகாவாட் அலகு முழுத் திறனில் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 700 டன் வரும். ஒடிசாவின் தால்ச்சேர் கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, கன்வேயர் பெல்ட் வழியாக வந்து எரிந்து சாம்பலாகிறது. அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கொட்டிய விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது ஊரறிந்தது. அந்த ஆற்றின் கழிமுகத்தில்தான் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் முளைக்கும் பளபளப்பான ஆலைகளின் வாசலில் புகைபோக்கி இருக்காது. அவற்றின் புகைபோக்கி எங்கள் பக்கம் நிற்கிறது.

எந்த நிறுவனத்தைக் கேட்டாலும் "நாங்கள் காற்றாலை மின்சாரம்தான் வாங்குகிறோம்" என்பார்கள். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. நம் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரைதான் முழுவீச்சில் சுற்றும். அப்போது கிடைக்கும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, பிறகு எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' ஏற்பாடு இங்கே நெடுங்காலமாக உண்டு. ஜனவரி இரவு ஷிப்டில் அந்த ஆலைக்குள் ஓடுவது பெரும்பாலும் கரி மின்சாரம். காகிதத்தில் அது காற்று. சியோலிலோ தைபேயிலோ உள்ள தலைமையகத்தின் அறிக்கையில் பச்சை நிறம் கூடும், வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கும் அத்திப்பட்டில் கரி எரிவது எரிந்துகொண்டே இருக்கும். பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்களாவது செபி விதிப்படி தங்கள் உமிழ்வை வெளியிட வேண்டும். பட்டியலிடப்படாத அயல்நாட்டுத் துணை நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயமும் கிடையாது.

'முதலில் வளர்வோம், வசதி வந்தால் காற்று தானே சுத்தமாகும்' என்று பொருளாதாரம் படித்தவர்கள் சமாதானம் சொல்வதுண்டு. 1991இல் கிராஸ்மன், குரூகர் என்ற இருவர் எழுதிய ஆய்வைத் துணைக்கு அழைப்பார்கள். அவர்கள் பார்த்தது கந்தக டை ஆக்சைடும் புகையும். அவை கண்ணை எரிக்கும், இருமல் வரும், ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள், அரசு இறங்கிவரும். கரியமில வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதை எதிர்த்து இங்கே யாரும் சாலை மறியல் செய்து நான் பார்த்ததில்லை. அது தானாகக் குறையும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறார்கள்?

இன்னொன்று. முதலீட்டாளருக்குக் கால் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் வந்த நோக்கியா 2014இல் மூடியது. மறைமலை நகர் ஃபோர்டு 2021இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் அனல்மின் நிலையத்தைக் கட்டினால் அது இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்கு அசையாது. எண்ணூரின் பழைய நிலையம் 1970இல் தொடங்கி 2017இல்தான் நின்றது.

வளர்ச்சியே வேண்டாம் என்பவன் அல்ல நான். ஓர் இந்தியர் சராசரியாக ஆண்டுக்கு 2 டன் கரியமில வாயு உமிழ்கிறார், ஓர் அமெரிக்கர் 14 டன். வேலையும் சம்பளமும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்தான். ஆனால் அந்த 2 டன்னைக் காட்டியே கணக்குக் கேட்பவன் வாயை அடைப்பது நியாயமில்லை. அந்தச் சராசரிக்குள் கழிமுகத்தில் இறால் தடவும் பெண்ணும் இருக்கிறாள், இருபத்துநாலு மணி நேரமும் குளிரூட்டப்படும் டேட்டா சென்டரும் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நாம் கேட்காத இந்தக் கணக்கை ஐரோப்பியர்கள் கேட்கிறார்கள். அங்கே இறக்குமதியாகும் எஃகு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றின் உற்பத்தியில் வெளியான கார்பன் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாடு 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறைக்கு வந்துள்ளது. வெளிநாட்டில் வாங்குகிறவனுக்கு டன் கணக்கில் தகவல் போகும், உள்ளூரில் மூச்சுவிடுகிறவனுக்குப் போகாது என்றால் இது என்ன ஏற்பாடு?

தொழில்துறை அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் உங்கள் இதழ் வழியாக என் கோரிக்கை இதுதான். இனி ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் அறிவிக்கும்போது, கோடிக்கும் வேலைக்கும் பக்கத்திலேயே அந்த ஆலையின் ஆண்டு மின்தேவை, அது வரும் வழி, உமிழ்வு ஆகிய மூன்றையும் வெளியிடுங்கள். 2024இல் கையெழுத்தான 631க்கும் சேர்த்து ஒரு வெள்ளை அறிக்கையைச் சட்டமன்றத்தில் வையுங்கள். மின்கட்டணச் சலுகை பெறும் நிறுவனம் என்றால், இரவு நேரத்துக்கும் சேர்த்து மாசில்லா மின்சாரத்துக்கு ஏற்பாடு செய்வதை நிபந்தனையாக்குங்கள். ஆசிரியரே, அடுத்த மாநாட்டுக்கு உங்கள் நிருபர் போகும்போது அந்த மூன்றாவது எண்ணையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
எண்ணூர், சென்னை.