கார்த்திகையில மழை பெய்யும், அது தெரிஞ்ச விசயம்தானே

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஒரே சொற்றொடர் வரும்: "எதிர்பாராத சீரற்ற காலநிலை". செய்தியில் வரும், அறிக்கையில் வரும். பஸ் ஏன் வரேல்லை எண்டு கேட்டாலும் அதுதான் பதில். இந்தச் சொல்லோடதான் நாங்கள் முதலில் சண்டை பிடிக்கவேணும்.

ஒருக்கா கணக்குப் பார்ப்பம். நிஷா புயல் வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் வெள்ளக்காடாக்கியது 2008 நவம்பர் கடைசியில். சனம் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டில்களுக்குள் இருந்த காலம் அது. இரணைமடு நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில். புரெவி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரை கடந்தது 2020 டிசம்பர் 2. டித்வா இலங்கைக்குள் நுழைந்தது 2025 நவம்பர் 28. தமிழ் மாதத்தில் சொன்னால் மூன்று கார்த்திகை, ஒரு மார்கழி. பதினேழு வருசத்தில் நாலு தரம், அதே ரெண்டு மாதத்துக்குள் வந்த ஒன்றை எதிர்பாராதது எண்டு எப்பிடிச் சொல்லுறது?

எங்கட அம்மம்மாமாரிட்ட கேட்டால் சிரிப்பினம். கார்த்திகையில் பெய்யாமல் மழை வேற எப்ப பெய்யிறது? காலபோகம் விதைக்கிறதே அந்த மழையை நம்பித்தான். அவைக்குப் பருவம் தப்பின மழை எண்டால் அது மாசி மழை, வெட்டின நெல்லை றோட்டோரம் காயப்போட்டிருக்கேக்க வந்து நனைக்கிற மழை.

மாறியிருப்பது மழையின் அளவு. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைப் பிடித்து வைத்திருக்கும் எண்டு இயற்பியல் சொல்லுது. அதனால் மூன்று நாளில் பெய்யிற மழை ஒரு இரவில் கொட்டுது. மாதம் அதே மாதம்தான். அப்ப நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி இது: வருமெண்டு தெரிஞ்ச மழைக்கு, வீட்டுக்குப் போற வழியில் என்ன ஏற்பாடு இருக்கு?

இதைக் கேட்கப் பரந்தன் சந்தியை விடப் பொருத்தமான இடம் இல்லை. தெற்கே கிளிநொச்சி, வடக்கே ஆனையிறவு, மேற்கே பூநகரி, கிழக்கே புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு எண்டு நாலு பக்கமும் வழி பிரியிற சந்தி அது. ஏ9 வீதியில் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ யாழ்ப்பாணம் வாற பஸ் எல்லாம் இதைத் தாண்டித்தான் போகும். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளையள் ஏ35 வீதிக்கு மாறி ஏறுறதும் இங்கதான். இரணைமடுவிலிருந்து ஆனையிறவு, சுண்டிக்குளம் பக்கம் இறங்கிற கனகராயன் ஆற்றுத் தண்ணி பாயிற தாழ்ந்த நிலமும் இதுக்குக் கிழக்கேதான் கிடக்கு: பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை. குளம் வான் பாய்ஞ்சால் சந்தியின் ஒரு பக்கக் கதவு சாத்தின மாதிரித்தான்.

டித்வா நேரம் அதுதான் நடந்தது. ஏ35 வீதியில் கிளிநொச்சி மாவட்டத்துக்குள் இருந்த பாலம் ஒன்றை வெள்ளம் கொண்டுபோனது. அதே வீதியின் மற்றத் தொங்கலில் வட்டுவாகல் பாலமும் உடைந்தது. முள்ளிவாய்க்காலில் இருக்கிற ஒருத்தருக்கு பரந்தனுக்கும் வழி சரியில்லை, முல்லைத்தீவு டவுணுக்கும் வழி சரியில்லை.

அந்த நாட்களில் புதுக்குடியிருப்புப் பக்கம் போகவேண்டிய நாங்கள் நாலு பேர் பரந்தனில் இறங்கி நிண்டனாங்கள். கிழக்கே பஸ் இல்லை. திரும்பி மாங்குளம் போய் ஒட்டுசுட்டானால் சுத்திப் போகலாமோ எண்டு கேட்டால், போகலாம் எண்டு ஒரு அண்ணை சொன்னார், அங்கயும் தண்ணி எண்டு இன்னொருத்தர் சொன்னார். போனில் சிக்னல் வந்து வந்து போனது. எங்களில் ரெண்டு பேர் பொம்பிளைப் பிள்ளையள். இருட்டினாப் பிறகு அவைக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு மலசலகூடம். சந்தியில் அதுக்கு ஒரு கடைக்காரரின் தயவு வேணும். "பிள்ளையள், நனையாமல் உள்ளுக்கு வாங்கோ" எண்டு கூப்பிட்ட அன்ரிதான் பிளேன் ரீயும் தந்து, துடைக்கத் துவாயும் தந்தவா. அவவின்ர வயல் அந்த நேரம் தண்ணிக்குள்ள கிடந்தது. முளைச்சுக் கொஞ்ச நாளான பயிர். அதை எங்களுக்கு அவ விடியத்தான் சொன்னவா, அதுவும் நாங்கள் கேட்டபடியால்.

இப்பிடியான கதைகளை நாங்கள் எல்லாரும் பேஸ்புக்கில் பகிர்ந்தனாங்கள். "வன்னி மண்ணின் மனிதநேயம்" எண்டு எழுதினம். அது உண்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் பாராட்டுக்குள்ள ஒரு வசதி ஒளிஞ்சிருக்கு. சனம் பார்த்துக்கொள்ளும் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதனால் பார்க்கவேண்டியவை பார்க்கத் தேவையில்லாமல் போகுது. வயல் அழிஞ்ச ஒரு அன்ரியின்ர சீனியும் தேயிலையும்தான் இந்த நெடுஞ்சாலையின் அனர்த்தத் திட்டமா? அவவைப் புகழுறது சுகம். அவவின்ர சுமையில் ஒரு பங்கை எடுக்கச் சொல்லி உரியவையிட்ட கேட்கிறதுதான் கஷ்டம்.

எங்கட அப்பா அம்மாவுக்கு "பாதை பூட்டு" எண்டால் வேற அர்த்தம். 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது, போர் முடிஞ்சாப் பிறகுதான் திரும்பத் திறந்தது. அவை நாட்கணக்காய், மாதக்கணக்காய்க் காத்து நிண்டவை. அதனால் "ஒரு இரவுதானே, பேசாமல் இருங்கோ" எண்டு சொல்லுவினம். அவையின்ர பொறுமையில எங்களுக்கு மரியாதை இருக்கு. ஆனால் காத்து நிக்கிறதையே பழக்கமாக்கின ஒரு சமூகம், காத்து நிக்க ஒரு கூரை கேட்கவும் மறந்துபோகும். மழை ஒரு படை இல்லை, அது வாற மாதத்தை முன்னுக்கே சொல்லிப்போட்டுத்தான் வருது.

அடுத்தது தகவல். டித்வாவின்போது புத்தளம்–அநுராதபுரம் வீதியில் கலா ஓயாவில் ஒரு பஸ் வெள்ளத்துக்குள் சிக்கியது. அதில் இருந்த சுமார் 70 பேரும் பக்கத்தில் இருந்த ஒரு வீட்டுக் கூரையில் ஏறித் தப்பிக் கிடந்து, பிறகு கடற்படையால் மீட்கப்பட்டார்கள். அந்தச் செய்தியை வாசித்த ஆட்கள் கனபேர் ட்ரைவரைத் திட்டினார்கள். நாங்கள் கேட்கிறது வேற: இருட்டில், கொட்டுற மழையில், ஒரு பாலத்துக்கு முன்னால் நிக்கிற ட்ரைவர் அண்ணைக்கு "இதுக்கு மேல போகாதே" எண்டு சொல்லவேண்டிய ஆள் ஆர்? அவர் திரும்பினால் அந்த நட்டம் ஆருக்கு? இதுக்கு எழுத்தில் ஒரு விதி இல்லாத வரைக்கும், ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு ட்ரைவரின் துணிச்சலில்தான் ஓடும்.

மொழியும் இதுக்குள்ள இருக்கு. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் டித்வா நேரம் எச்சரிக்கைகள் தமிழில் போதாமலும் பிந்தியும் வந்தன எண்ட விமர்சனம் நாடு முழுக்க எழுந்தது. ஏ9இன் வடபாதியிலும் ஏ35இலும் போறவர்களில் பெரும்பாலானவை தமிழில் வாசிக்கிற ஆட்கள். அவைக்குப் பிந்தி வாற எச்சரிக்கை, வராத எச்சரிக்கைதான்.

வாசிக்கிற நீங்கள் கனபேர் வளாகத்துப் பிள்ளையள். உங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கும்: மழை உச்சத்தில் நிக்கேக்க "விடுமுறை, விடுதியை விட்டு வெளியேறுங்கோ" எண்டு அறிவித்தல் வரும். பக்கத்து ஊர்ப் பிள்ளை ரெண்டு மணித்தியாலத்தில் வீட்டில் நிக்கும். வன்னிப் பிள்ளை எட்டு மணித்தியாலப் பயணத்துக்குச் சிவப்பு எச்சரிக்கைக்குள்ள இறங்கவேணும். விடுதி அந்த நேரம் கட்டடங்களிலேயே பாதுகாப்பானது. பாதை திறந்திருக்கெண்டு உறுதியாகும் வரைக்கும் தூர இடத்துப் பிள்ளையளுக்கு விடுதியைத் திறந்து வைக்கிறதுக்குப் பெரிய காசு வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். இதை மாணவர் ஒன்றியங்கள் கேட்கவேணும்.

ஒதுங்க இடம் கேட்கிறது எங்களுக்குப் புது விசயமும் இல்லை. பருத்தித்துறையில் தெருமூடி மடத்தைப் பார்த்திருப்பீங்கள். தெருவுக்கு மேலேயே கூரை போட்டு, ரெண்டு பக்கமும் திண்ணை வைத்துக் கட்டினது. வழிப்போக்கனுக்கு நிழலும் மழைக்கு ஒதுக்கும் ஊரின் பொறுப்பு எண்டு நினைச்ச ஆட்கள் கட்டினது. யப்பானில் 1993 இலிருந்து நெடுஞ்சாலை ஓரங்களில் "மிச்சி நோ எகி" எண்டு வீதி நிலையங்கள் கட்டினவை. இப்ப ஆயிரத்துக்கு மேல இருக்கு. மற்ற நாட்களில் அந்த ஊர் விவசாயியின் மரக்கறி விக்கிற கடையும் மலசலகூடமும் ஓய்வு இடமும். நிலநடுக்கம் வந்தால் அதுவே தங்குமிடமும் தகவல் நிலையமும் ஆகும். பரந்தனில், மாங்குளத்தில், ஓமந்தையில் இப்பிடி ஒவ்வொன்று எண்டு யோசிச்சுப் பாருங்கோ. உயர்த்திக் கட்டின ஒரு மண்டபம், சூரிய மின்சாரத்தில் எரியிற லைட், போன் சார்ஜ் பண்ண இடம், பூட்டுப் போடாத மலசலகூடம், எந்த வீதி திறந்திருக்கெண்டு தமிழில் எழுதின ஒரு பலகை. மற்ற மாதங்களில் கண்டாவளை நெல்லும் வன்னித் தேனும் அங்க விக்கலாம்.

"மலையகத்தில் மண்சரிவில் குடும்பம் குடும்பமாய்ப் போனதுகள், நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்திருக்கினம், உங்களுக்கு பஸ் தரிப்பிடமா பிரச்சினை?" எண்டு கேட்பீங்கள். நியாயமான கேள்வி. எங்கட ஒரு இரவு அதுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய விசயமே இல்லை. ஆனால் மண்சரிவுக்கு முன்னால் ஒரு வீட்டை எழுப்பவேண்டியதும், பாலத்துக்கு முன்னால் ஒரு பஸ்ஸை மறிக்கவேண்டியதும் ஒரே வேலைதான்: சரியான தகவல், சரியான மொழியில், நேரத்துக்கு. சந்தியில் அது நடக்காவிட்டால் மலையிலும் நடக்காது.

காசில்லை, காலம் வேணும் எண்டும் சொல்லுவினம். உடைஞ்ச ஏ35 பாலத்துக்குப் பதிலாய் இந்தியா விமானத்தில் கொண்டுவந்த 110 தொன் பெய்லி பாலம், 120 அடி நீளத்துக்குப் பூட்டப்பட்டு 2025 டிசம்பர் 23இல் திறக்கப்பட்டது. புயல் வந்து ஒரு மாதம் ஆகேல்லை. அவசரம் எண்டு நினைச்சால் வேலை நடக்கும் எண்டதுக்கு அந்தப் பாலமே சாட்சி. பரந்தனில் ஒரு கூரையும் ஒரு பலகையும் அதைவிடச் சின்ன வேலை. அடுத்த ஐப்பசி பிறக்க முதல் அது நிக்கவேணும். நிக்கேல்லையெண்டால், அதுக்குப் பிறகு வாற மழையை ஆரும் எங்களுக்கு "எதிர்பாராதது" எண்டு சொல்லக்கூடாது.