நீர்க்கடுப்பு... ‘சூடு’ன்னு விட்டுடாதீங்க! சிறுநீர்த் தொற்றின் அறிகுறிகளும், டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரமும்

ஆடித் தள்ளுபடி சீஸன். ஜவுளிக்கடையில் காலை 9 மணிக்கு சேலை செக்‌ஷனில் நிற்கத் தொடங்கும் அந்த இளம்பெண், இரவு 10 மணிக்குத்தான் கிளம்புகிறார். கழிப்பறை இருப்பது மொட்டை மாடியில். போய் வர பத்து நிமிடம் ஆகும். கூட்ட நேரத்தில் கேட்டால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். அதனால், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்.

“அம்மா, ஒண்ணுக்குப் போனா எரியுதும்மா.”

“நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கேல்ல... சூடு பிடிச்சிருக்கும்டி. வெந்தயம் ஊறவெச்சுத் தர்றேன். தொப்புள்ல விளக்கெண்ணெய் வெச்சுட்டுப் படு.”

மூன்றாவது நாளும் எரிச்சல் போகவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு வேளைக்கு மாத்திரை வாங்கிப் போடுகிறார். எரிச்சல் குறைகிறது. மாத்திரையும் அதோடு நிற்கிறது. அடுத்த வாரம் குளிர் ஜுரம். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. முதுகின் ஒரு பக்கம் கை வைக்க முடியாத வலி. அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது, தொற்று சிறுநீரகம்வரை போயிருந்தது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், சாதாரண நீர்க்கடுப்பு பெரிய பிரச்னையாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். எந்த இடத்தில் விழித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும், படுக்கையில் விழாமல் தப்பிக்கலாம்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

‘பொதுக் கழிப்பறைக்குப் போனதால் வந்தது’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுகளுக்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது நம் குடலிலேயே வாழ்வது. ஆசனவாய்ப் பகுதியிலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு நகர்ந்து, உள்ளே ஏறிவிடுகிறது.

பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். கிருமி பயணிக்க வேண்டிய தூரம் குறைவு என்பதால்தான் பெண்களை இது அதிகம் பாதிக்கிறது. பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது. எனவே, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சூடா, தொற்றா... எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர் மஞ்சளாகி லேசாக எரியலாம். நன்றாகத் தண்ணீர் குடித்ததும் நிறம் வெளுத்து, சில மணி நேரத்தில் எரிச்சலும் அடங்கிவிட்டால் பயமில்லை. தண்ணீர் குடித்தும் எரிச்சல் தொடர்ந்தால், அதோடு கீழே உள்ளவையும் சேர்ந்துகொண்டால், தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

* அடிக்கடி சிறுநீர் வருவது. போனால் சில சொட்டுகள் மட்டுமே வருவது
* அடக்க முடியாத அவசரம். தூக்கத்திலிருந்து பலமுறை எழுந்து போவது
* போய் வந்த பிறகும் இன்னும் மீதி இருப்பதுபோன்ற உணர்வு
* அடிவயிற்றில் வலி, கனம்
* கலங்கலான சிறுநீர், வழக்கத்துக்கு மாறான வாடை
* சிறுநீரில் ரத்தம் (முந்தைய நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தாலும் சிவக்கலாம், அது நினைவிருக்கட்டும்)

எரிச்சல் எல்லாமே சிறுநீர்த் தொற்று அல்ல. அரிப்பும் வெள்ளைப்படுதலும் சேர்ந்திருந்தால் அது பிறப்புறுப்புத் தொற்றாக இருக்கலாம். விலாவிலிருந்து தொடைப் பக்கம் இறங்கும் கடும் வலி, கல்லின் அடையாளமாக இருக்கலாம். சிகிச்சை வேறு வேறு என்பதால், டாக்டர் பார்த்துச் சொல்வதே சரி.

இந்த அறிகுறிகள் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி!

* குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல்
* விலா எலும்புக்குக் கீழே, முதுகின் ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலோ வலி
* குமட்டல், வாந்தி. மாத்திரைகூட வயிற்றில் தங்காத நிலை
* சிறுநீர் வெகுவாகக் குறைவது அல்லது வராமலே போவது

கிருமி சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கைகள் இவை. இவற்றுடன் மயக்கம், குழப்பமான பேச்சு, வேகமான மூச்சு இருந்தால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இவர்கள் காத்திருக்கவே கூடாது

கர்ப்பிணிகள்: இவர்களுக்கு எரிச்சலே இல்லாமல்கூட கிருமி இருக்கலாம். கவனிக்காவிட்டால் சிறுநீரகத் தொற்று, குறைப்பிரசவம்வரை போகக்கூடும். ‘எனக்கு ஒன்றும் இல்லையே’ என்று சிறுநீர்ப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

சர்க்கரை நோயாளிகள்: தொற்று வேகமாகத் தீவிரமாகலாம். சர்க்கரை அளவும் கட்டுப்பாட்டை மீறலாம்.

ஆண்கள்: இளவயது ஆண்களுக்கு இது அதிகம் வராது. வந்தால் கல், அடைப்பு போன்ற காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயதானவர்களில் புராஸ்டேட் வீக்கம் முக்கியக் காரணம்.

கைக்குழந்தைகள்: இவர்களுக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது. சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல், சரியாகப் பால் குடிக்காமை, சிறுநீர் போகும்போது வீறிட்டு அழுவது... இவற்றைக் கண்டால் உடனே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

பரிசோதனையில் ஒரு சின்ன விஷயம்

சிறுநீரை எடுத்துக் கொடுப்பதிலும் முறை இருக்கிறது. சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ‘கல்ச்சர்’ பரிசோதனை எழுதியிருந்தால், ஆன்டிபயாடிக் முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிட வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அது சொல்லும். முடிவு வர இரண்டு, மூன்று நாள்கள் ஆகலாம்.

அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா?

மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து. இதற்கான விழிப்புணர்வுப் பிரசாரத்தை மத்திய அரசு 2016-லேயே தொடங்கியது. ஆனாலும், கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் இன்னும் விடவில்லை.

இரண்டு வேளையோடு நிறுத்தினால் கிருமி முழுமையாக ஒழியாமல், தொற்று திரும்ப வரலாம். தேவையில்லாமலும் அரைகுறையாகவும் ஆன்டிபயாடிக் பயன்படுத்துவதால், அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகுகின்றன. இந்தியாவில் ஈ.கோலை பல மருந்துகளுக்கு அடங்க மறுப்பது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில் தொடர்ந்து தெரிகிறது. போன தடவை எழுதிய சீட்டு, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை... இரண்டுமே வேண்டாம். மருந்து தொடங்கி இரண்டு நாளாகியும் குறையவில்லை என்றால், மீண்டும் டாக்டரிடம் போக வேண்டும்.

வெந்தயம், பார்லி தண்ணீர், இளநீர் இதமாக இருக்கும், நீர்ச்சத்தும் சேரும். ஆனால், அவை தொற்றைக் குணப்படுத்தும் மருந்து அல்ல.

வராமல் தடுக்க...

* தண்ணீர்: அடிக்கடி தொற்று வரும் 140 பெண்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. (இதய, சிறுநீரக நோயாளிகள் டாக்டர் சொன்ன அளவை மீற வேண்டாம்.)
* அடக்காதீர்கள்: மணிக்கணக்கில் அடக்கினால், சிறுநீர்ப்பையில் கிருமி பெருக அவகாசம் கிடைக்கிறது.
* சுத்தம்: கழுவும்போது முன்னிருந்து பின்னாக. பெண் குழந்தைகளுக்கு இதைச் சிறுவயதிலேயே பழக்குங்கள். சோப்பு, வாசனைத் திரவங்களை உட்புறம் பயன்படுத்த வேண்டாம்.
* தாம்பத்திய உறவுக்குப் பிறகு: சிறுநீர் கழித்துவிடுவது நல்லது.
* மாதவிடாய் நின்றவர்கள்: ஹார்மோன் குறைவாலும் திரும்பத் திரும்ப வரலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. ஆறு மாதத்தில் இரண்டு முறை, ஓராண்டில் மூன்று முறை வந்தால், எந்த வயதினரும் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. கழிப்பறைக்குப் போய்வர பத்து நிமிடம் கொடுக்க, முதலாளிக்கு மனது இருந்தாலே போதும். பள்ளியில், ‘மிஸ், பாத்ரூம்’ என்று கை தூக்கும் பிள்ளைக்கும் அதுதான்.

வீட்டில் யாராவது ‘எரியுது’ என்று சொன்னால், வெந்தயம் கொடுங்கள், தப்பில்லை. அதோடு இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். “எத்தனை நாளா எரியுது? காய்ச்சல் இருக்கா?” அந்தப் பதிலில்தான், வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா, டாக்டரிடம் கிளம்புவதா என்பது இருக்கிறது.