வெட்டுவதற்கு முன்னால் ஓர் ஊசி!

தொடையில் ஒரு கட்டி. வலி கிடையாது. 'வெறும் கொழுப்புக் கட்டி, விட்டுத் தள்ளு!' என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லிவிடுவார். பெரும்பாலும் மாமி சொல்வதுதான் சரி. எப்போதாவது தப்பிப் போகிறதே... அந்தக் கட்டிக்குப் பெயர் சார்க்கோமா.

தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய், எலும்பு இவற்றில் உருவாகும் புற்றுநோய் இது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சுமார் 1 சதவிகிதம்தான். குழந்தைகளிடம் இந்தப் பங்கு அதிகம். அபூர்வம் என்பதே இதில் சிக்கல். ஒரு குடும்ப டாக்டர் தன் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்திருந்தாலே ஆச்சரியம். அதனால் சந்தேகமே வருவதில்லை.

பல இடங்களில் என்ன நடக்கிறது? மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணியில் கட்டியை எடுத்துத் தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு சார்க்கோமா என்று தெரிந்தால், உள்ளே செல்கள் மிச்சமிருக்கலாம். மறுபடி இன்னும் அகலமாக வெட்ட வேண்டிவரும். இதைத்தான் நான் தப்பு என்கிறேன்.

கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் (பெரிய எலுமிச்சம்பழ அளவு) இருக்கிறதா? ஆழத்தில் இருக்கிறதா? வளர்ந்துகொண்டே வருகிறதா? முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அடுத்து ஊசி மூலம் திசு எடுத்து பயாப்ஸி, அதன் பிறகே ஆபரேஷன். வரிசை மாறக் கூடாது. 'ஊசி பட்டா பரவிடுமே!' என்று பயப்படுகிறவர்கள் நிறைய. ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரைக் கேட்டு இடம் பார்த்து ஊசி போட்டால், அந்தத் தடத்தையும் பிறகு சேர்த்தே எடுத்துவிடலாம்.

சார்க்கோமாவில் 70க்கும் மேற்பட்ட வகைகள். ஈவிங் சார்க்கோமா கீமோதெரபிக்கு நன்றாகக் கட்டுப்படும். சில வகைகள் அசைந்தே கொடுக்காது. ஜீரணப் பாதையில் வரும் 'ஜிஸ்ட்' வகைக்கு இமாட்டினிப் என்ற மாத்திரையே இருக்கிறது. எந்த வகை என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பது எப்படி?

பிள்ளைகளின் முழங்கால் விஷயம் தனி. 'விளையாடும்போது அடி பட்டிருக்கும்' என்று எண்ணெய் தடவி உருவிவிடுகிறோம், கட்டுப் போடுகிறோம். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் 1977இல் 18 வயதில் முழங்கால் எலும்புப் புற்றால் வலது காலை இழந்தார், 1981இல் இறந்தார். இன்று பலருக்குக் காலை எடுக்காமலே சிகிச்சை தர முடிகிறது, சீக்கிரம் வந்தால். ராத்திரியில் வலி, குறையாத வீக்கம் என்றால் உருவிவிடாதீர்கள். எக்ஸ்ரே எடுங்கள்.

ஏற்கெனவே கட்டியை எடுத்தாச்சா? பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். 'அனுப்பலையே' என்று பதில் வந்தால், டாக்டரிடம் கொஞ்சம் சண்டை போட்டாலும் தப்பில்லை!