ஒருநாள் வாரினால் பேன் போகாது



மாதர் சங்கக் கூட்டங்கள் முடிந்து கலையும் நேரத்தில், தாய்மார் சிலர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, மற்றவர் காதில் விழாமல் கேட்பது இதுதான்: "அக்கா, பிள்ளையின்ர தலை முழுக்கப் பேன். வாரி வாரிக் களைச்சுப் போனன். போகுதில்லை. என்ன செய்யிறது?"

முதலில் வெட்கத்தை விடுவோம். பேன் அழுக்கினால் வருவதில்லை. தினமும் முழுகும் தலையிலும் அது ஏறும். பேன் பறக்காது, பாயாது. ஊர்ந்துதான் போகும். தலையோடு தலை சேரும்போது தொற்றும். 2009இல் முகாம் கூடாரங்களுக்குள் நெருங்கிப் படுத்த நாட்களை நினைத்துப் பாருங்கள். இன்று ஒரே பாயில் படுக்கும் பிள்ளைகளுக்கும், விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கும் வருவது அதே காரணத்தால்தான். இதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை.

அப்படியானால் வாரியும் ஏன் போவதில்லை? கணக்கைப் பாருங்கள். பெண் பேன் ஒரு நாளில் 6 முதல் 8 ஈர் வரை இடும். அதை மயிரின் அடியில் பசை போட்டதுபோல ஒட்டிவிடும். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் வரை செல்லும். பொரித்த குஞ்சு வளர்ந்து ஈர் இட இன்னும் 10 நாளளவு வேண்டும். இன்று பேனை எல்லாம் எடுத்தாலும், ஈர் அடுத்த கிழமை பொரிக்கும். ஆகவே குஞ்சு வளரும் முன்னே திரும்பத் திரும்ப வாரவேண்டும்.

செய்யும் முறை இது:

1. தலையை நனைத்து, தேங்காய் எண்ணெயோ கண்டிஷனரோ தாராளமாகப் பூசுங்கள். எண்ணெய் பேனைக் கொல்லும் என்று நம்பவேண்டாம். பேன் ஓடாமலும் சீப்பு வழுக்கிப் போகவும் அது உதவும்.

2. சிக்கெடுத்து, மயிரைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, பேன் சீப்பை அடியிலிருந்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். காதின் பின்பக்கமும் பிடரியும் முக்கியம்.

3. 1, 5, 9, 13ஆம் நாட்களில் இப்படி வாருங்கள். ஞாயிறு தொடங்கினால் வியாழன், அடுத்த திங்கள், வெள்ளி. 17ஆம் நாள் மீண்டும் பாருங்கள். உயிருள்ள பேன் இல்லையென்றால் முடிந்தது.

4. வீட்டில் உள்ள அனைவரின் தலையையும் அதே நாளில் பாருங்கள். அம்மம்மாவின் தலையையும் விடவேண்டாம். சீப்பைச் சுடுநீரில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். தலையணை உறை, துவாய் போன்றவற்றைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயப்போடுங்கள்.

அப்படியும் போகாவிட்டால், பாமசியில் 1 வீதப் பெர்மெத்ரின் லோஷன் கேளுங்கள். பூசி 10 நிமிடத்தில் கழுவி, 9 நாளளவில் இன்னொரு முறை பூசவேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசக்கூடாது.

இனி, செய்யவே கூடாதவை. மண்ணெண்ணெய் பூசாதீர்கள். தோலைப் புண்ணாக்கும். குப்பிவிளக்கோ அடுப்போ பக்கத்தில் இருந்தால் பிள்ளையின் தலையில் தீப்பிடிக்கும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை ஒரு துளியும் தொடவிடாதீர்கள். அது தலைத்தோலின் வழியாக உடம்புக்குள் இறங்கி உயிரையே எடுக்கலாம். தெரியாமல் யாராவது பூசிவிட்டால், உடனே சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரால் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தலைப்பேன் வேறு நோயைக் காவுவதில்லை. ஆனால் சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, பிடரியில் நெறி கட்டினாலோ, வைத்தியரிடம் காட்டுங்கள்.

பேனுக்காகப் பெண்பிள்ளையின் தலையை மொட்டை அடிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தை மறிக்கவும் தேவையில்லை. மயிரை இறுக்கப் பின்னி அனுப்பிவிட்டு, அன்று பின்னேரமே வாரத் தொடங்குங்கள்.

ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் ஐந்து வீட்டுத் தாய்மார் பேசி வைத்து, ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரத் தொடங்கியதைக் கண்டேன். கூலிவேலைக்குப் போன தாயின் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரி வாரிவிட்டாள். பேன் வேலி பார்த்து நிற்பதில்லை. ஒரு வீடு மட்டும் வாரினால் அடுத்த வீட்டிலிருந்து திரும்ப வரும். இந்த மாதம் உங்கள் சங்கத்தில் ஒரு நாளைக் குறியுங்கள். மற்ற நாட்களைக் கலண்டரில் வட்டமிட்டு விடுங்கள்.