கீரைக்கு வேண்டிய எண்ணெய்

கீரை உண்ணுங்கள் என்று கூறாத வைத்தியர் இல்லை. அக்கீரையோடு சிறிது எண்ணெயும் சேர வேண்டும் என்று எடுத்துரைப்போர் மிகச் சிலரே. எண்ணெய் விலை ஏறுந்தோறும் நம் இல்லங்களில் முதலிற் குறைவது தாளிப்புத்தான். செலவு சுருங்குவது மெய்யே. ஆயினும் கீரைக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதியும் உடன் வீணாகிறது.

முருங்கை, அகத்தி, அரைக்கீரை முதலியவற்றில் கரோட்டின் என்னும் பொருள் மிகுந்துள்ளது. அதனின்றே நம் உடல் 'ஏ' வைட்டமினை ஆக்கிக்கொள்கிறது. அவ்வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் தோன்றும். குறை முற்றினால் குழந்தையின் விழியே பாழாகும். கரோட்டின் நீரிற் கரைவதன்று, கொழுப்பிற் கரைவது. உணவில் கொழுப்பு இருந்தால்தான் பித்தநீர் வேண்டுமளவு குடலிற் சேர்ந்து, அக்கொழுப்பை நுண்துளிகளாக்கும். கரோட்டின் அத்துளிகளில் ஏறியே குடற்சுவரைக் கடக்கிறது. கொழுப்பில்லையேல் அதிற் பெரும்பகுதி கழிவோடு வெளியேறிவிடும்.

இதற்குப் பெருந்தொகை எண்ணெய் தேவையில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் குழந்தைகட்குக் கீரையளித்து ஆராய்ந்து, 5 கிராம் கொழுப்பைச் சேர்த்த அளவிலேயே கரோட்டின் நன்கு உட்கொள்ளப்படுவதை 1980-இல் வெளியிட்டனர். 5 கிராம் என்பது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அதுவும் கீரைச் சட்டியிலேயே விழவேண்டுமென்பதில்லை. அவ்வேளை உணவில் எங்கேனும் இருந்தால் போதும். பொரியலில் தூவும் தேங்காய்த் துருவலும், வறுத்திடித்த மணிலாக் கொட்டைப் பொடியும் அப்பணியைச் செய்யும். மணிலாக் கொட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெயன்றோ!

வடையும் பஜ்ஜியும் உண்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட வேண்டா. மாச்சத்து கிராமுக்கு 4 கலோரி தருகையில் கொழுப்பு 9 கலோரி தருகிறது. நாள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்திருப்பவர் அளவறிந்தே உண்ண வேண்டும். நாம் கவலுவது எண்ணெய் மிகுந்த வீட்டைப் பற்றியன்று. தாளிப்பே இல்லாமற் கீரையை வேகவைத்துக் குழந்தைக்கு ஊட்டும் வீட்டைப் பற்றியே.

இங்கு நம் சங்கங்களுக்கு ஒரு கடமை உண்டு என்பது எமது துணிபு. மணிலா பயிரிடும் அங்கத்தினர் பலர், கடன் நெருக்கடியால் அறுவடையானதும் மூட்டை முழுவதையும் விற்றுவிட்டுப் பின்னர்க் கடையில் எண்ணெய் வாங்குகின்றனர். நெசவாளரோ கூலி கிடைக்குந்தோறும் சிறு பொட்டலமாக வாங்கி, படிக்கு மிகுந்த விலை கொடுக்கின்றனர். இவ்விரு சாராரும் இவ்விதழைப் படிப்பவரே. விளைவிப்போர் சங்கம் கொள்முதலில் ஒரு சிறு பங்கைச் செக்கிலாட்டி, நெசவாளர் சங்கப் பண்டகசாலைக்கு நேரே அனுப்பினாலென்ன?

எண்ணெய் காறிப்போனால் நஷ்டம் யாருடையது என்று நிர்வாகக் குழுவினர் வினவுவர், நியாயமான வினாவே. ஆகவே ஒரு மாதத் தேவைக்கு மட்டும் ஆட்டுக. பூஞ்சை பிடித்த கொட்டைகளை முன்னரே பொறுக்கி நீக்குக; அப்பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுப்பது. கைக்குழந்தையுள்ள வீடுகளின் கணக்கை முதலில் எடுத்து, அவர்கட்கு அடக்க விலையிற் கொடுத்துத் தொடங்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொணர அங்கத்தினர் எவரேனும் முன்வருவாராக.