காமிரா சொல்லும் சாட்சி

பொழுது இன்னும் விடியவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு ஒரு விவசாயி மொபெட்டில் போகிறார். பின்னால் மல்லிகைப்பூ மூட்டை. வேகமாக வந்த வேன் ஒன்று அவரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விடுகிறது. கால் முறிந்து கிடக்கிறார். பார்த்த ஆள் யாரும் இல்லை.

இது கற்பனைதான். ஆனால் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. இனி அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

இடித்த வேன் எது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் திட்டப்படி பலத்த காயத்துக்குக் கிடைப்பது 50 ஆயிரம் ரூபாய். உயிர் போனால் 2 லட்சம். இது 2022 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கணக்கு.

வேனின் நம்பர் தெரிந்துவிட்டால் நிலைமை வேறு. வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், ஊனத்தால் வரும் நஷ்டம் எல்லாவற்றையும் கோர்ட்டில் கேட்கலாம்.

அந்த நம்பரை யார் சொல்வது? எதிரே இருக்கும் உரக்கடையின் காமிரா சொல்லக்கூடும்!

ஆளில்லாத ரோடு

கூட்டம் உள்ள இடத்தில் விபத்து நடந்தால் சாட்சிக்குப் பஞ்சம் இல்லை. 2023 டிசம்பர் 30-ந் தேதி, புதுக்கோட்டை அருகே நமணசமுத்திரத்தில், டீக்கடை முன்பு நின்ற பக்தர்கள் மீது சிமெண்ட் லாரி பாய்ந்தது. 5 பேர் பலியானார்கள். அங்கே மோதிய லாரி எது என்ற கேள்வியே எழவில்லை.

ஆளில்லாத ரோட்டில்தான் வீடியோவின் அருமை தெரியும்.

அழிந்து போகும் சாட்சி

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனு போடவேண்டும் என்ற விதியும் அதே 2022 ஏப்ரல் 1-ல் வந்தது. இதை எதிர்த்து வழக்கு நடப்பதால், தாமதத்தை மட்டும் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது.

கோர்ட்டு காத்திருக்கும். காமிரா காத்திருக்காது!

கடைக் காமிராவின் பதிவுப் பெட்டியில் இடம் குறைவு. இடம் நிரம்பியதும் பழைய படத்தின் மேலேயே புதிய படம் பதிவாகும். சில கடைகளில் ஒரு வாரம், சில கடைகளில் ஒரு மாதம். அதற்குள் எடுக்காவிட்டால் சாட்சி போய்விட்டது.

கோர்ட்டு ஏற்குமா?

ஏற்கும். ஆனால் செல்போனில் யாரோ அனுப்பிய படம் என்று காட்டினால் போதாது. படத்தை வெட்டலாம், ஒட்டலாம் அல்லவா? அதனால்தான் சட்டம் சான்றிதழ் கேட்கிறது.

2024 ஜூலை 1-ந் தேதி முதல் பாரதிய சாட்சிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63-வது பிரிவின்படி, கருவிக்குப் பொறுப்பானவர், ஒரு நிபுணர் ஆகிய இருவரும் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். படத்துக்குரிய தனி எண்ணையும் அதில் எழுத வேண்டும். அது கைரேகை மாதிரி. படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் எண் மாறிவிடும். குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைக்காரர் சான்றிதழ் தர மறுத்தால்? மராட்டிய மாநிலத்துத் தேர்தல் வழக்கு ஒன்றில் இதே சிக்கல் வந்தது. வீடியோவை வைத்திருந்த அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கோர்ட்டே உத்தரவு போடலாம் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

பல கடைக்காரர்கள் மறுப்பது கெட்ட எண்ணத்தால் அல்ல. "கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே" என்ற பயம்தான். நாளை அதே ரோட்டில் தம் பிள்ளையும் போவான் என்று அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காமிராவுக்குப் பாரபட்சம் இல்லை

காயம் பட்டவருக்கு எதிராகவும் படம் பேசும். அவர் தவறான பக்கம் வந்திருந்தால் அதுவும் தெரியும். விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று கோர்ட்டு கருதினால், அந்த அளவுக்கு நஷ்டஈடு குறையும்.

வீடியோ இல்லாவிட்டால் வழக்கே போச்சு என்று கலங்க வேண்டாம். விபத்து நஷ்டஈட்டு வழக்கில், கொலை வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டோ அதைப் பார்த்தால் போதும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2009-லேயே சொல்லியிருக்கிறது. போலீஸ் புகார், ஆஸ்பத்திரி சீட்டு, பார்த்தவரின் வாக்குமூலம் எல்லாம் உதவும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற நம்பருக்குப் பேசலாம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஏழைகள் ஆகியோருக்கு இலவச உதவி உண்டு.

விபத்து என்றதும் வீட்டார் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அது இயற்கை. ஆனால் ஒருவராவது விபத்து நடந்த இடத்துக்குப் போக வேண்டும். எந்தக் கடையில், எந்த வீட்டில், எந்தப் பெட்ரோல் பங்கில் காமிரா இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் போலீசாரிடம் கொடுக்கும் புகாரிலேயே எழுத வேண்டும். படத்தை அழிக்காமல் வைக்கும்படி கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதை அன்றே செய்ய வேண்டும். மறுவாரம் போனால் பெட்டியில் வேறு படம் ஓடிக்கொண்டிருக்கும்.